பேண்ட் வந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கர்ப்பத்தை உறுதிசெய்யும் சோதனைப் பட்டையில் ஆன்டிபாடி (பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள்) எப்படி வேலை செய்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள். பள்ளி ஆசிரியர், ஆராய்ச்சி மாணவர், பயாப்ஸி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர் என்று பலரும் ஒரே பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். செல் சமிக்ஞைப் புரதங்களோடும் ஆன்டிபாடிகளோடும்தான் என் வேலைநாட்கள் போகின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

“எதிர்ப்பொருள் என்றால் நோய்க்கிருமியை எதிர்ப்பது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதை வைத்துக்கொண்டு செல்லுக்குள் ஓடும் சமிக்ஞையை எப்படிப் பார்க்கிறார்கள்?” – மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர், நாகர்கோவில்

ஐயா, முயலின் உடம்புக்குக் கிருமி எது, வேறு எது என்று தெரியாது. தன்னுடையது அல்லாத புரதம் எது உள்ளே வந்தாலும் அதற்கு ஆன்டிபாடி செய்யும். நமக்கு எந்த மனிதப் புரதம் வேண்டுமோ அதில் ஒரு துண்டை முயலுக்கு ஊசி போட்டால், சில வாரங்களில் அந்தத் துண்டைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி அதன் ரத்தத்தில் இருக்கும். ஆய்வகத்து ஆன்டிபாடியின் அடிப்படை இவ்வளவுதான்.

இனி சமிக்ஞை. வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியில் வந்து உட்காருகிறது. உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, அது அடுத்ததன் மேல் ஒட்டுகிறது, செய்தி இப்படியே உட்கருவரை போகிறது. ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். மனித மரபணுத் தொகுப்பில் இவை 518 என்று 2002-இல் கணக்கெடுத்தார்கள். ஒட்டியதை உரித்து எடுக்கும் நொதிகள் பாஸ்பட்டேஸ்கள். இந்தப் போக்குவரத்தில் புரதத்தின் அளவு பெரும்பாலும் மாறுவதே இல்லை, பாஸ்பேட் வருவதும் போவதும்தான் செய்தி. ஒரு பாஸ்பேட்டின் எடை சுமார் 80 டால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு). எர்க்-2 என்ற சமிக்ஞைப் புரதமோ 42,000 டால்டன். அவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு சிறிய மாற்றத்தை எடையை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால் பாஸ்பேட் ஒட்டிய சிறு பெப்டைடு (புரதத் துண்டு) ஒன்றை வேதிமுறையில் செய்து முயலுக்குக் கொடுக்கிறார்கள். கிடைத்த ஆன்டிபாடிகளை, பாஸ்பேட் இல்லாத அதே பெப்டைடு ஒட்டிய குழாய் வழியே செலுத்துகிறார்கள். பாஸ்பேட் இல்லாவிட்டாலும் பிடிக்கிறவை குழாயிலேயே தங்கிவிடும். கீழே இறங்குபவை பாஸ்பேட் இருந்தால் மட்டும் பிடிப்பவை. பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: தெருவில் அந்த வீடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, அதன் வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு ஒரு ஆன்டிபாடி, இரண்டாவதற்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று சொல்ல முடியும்.

பார்க்கும் முறைகள் பல. அதிகம் புழங்குவது வெஸ்டர்ன் பிளாட். செல்லை உடைத்து, எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளோடு கொதிக்கவைத்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் அளவுவாரியாகப் பிரியும். அவற்றை ஒரு மெல்லிய மெம்பிரேனுக்கு மாற்றி அதன் மேல் ஆன்டிபாடியை ஊற்றுவோம். அந்த ஆன்டிபாடியைப் பிடிக்க நொதி கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி. நொதிக்குத் தீனி கொடுத்தால் புரதம் இருக்கும் இடத்தில் ஒளி வரும். அந்தக் கோட்டைத்தான் நாங்கள் பேண்ட் என்கிறோம். ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மின்சாரத்தால் மாற்றும் முறையை ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஹாரி டோபின் குழுவினர் 1979-இல் வெளியிட்டார்கள். இன்றும் கிட்டத்தட்ட அதே முறைதான்.

“ஹீலா செல்லுக்கு இ.ஜி.எஃப். கொடுத்து பாஸ்போ-எர்க் பார்க்கிறேன். கொடுத்த சாம்பிளிலும் கொடுக்காத சாம்பிளிலும் ஒரே மாதிரி பேண்ட். அதுவும் ஒன்றுக்குப் பதில் இரண்டு. பின்னணி முழுக்கக் கறுப்பு. ‘ஆன்டிபாடி கெட்டுப்போச்சு, வேற வாங்கு’ என்கிறார் சீனியர். பால்பவுடரில்தான் பிளாக் செய்கிறேன்.” – முதுகலை பயோடெக் மாணவி, திருச்சி

வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: ஹீலா என்பது ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல், இ.ஜி.எஃப். ஒரு வளர்ச்சிக் காரணி, பாஸ்போ-எர்க் என்றால் பாஸ்பேட் ஏறிய எர்க். பிளாக் செய்வது என்றால், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பிரேனை வேறு புரதத்தால் முன்கூட்டியே மூடுவது. நீங்கள் எழுதியிருப்பதில் ஆன்டிபாடி கெட்டுப்போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. கெட்டுப்போன ஆன்டிபாடி பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.

இரண்டு பேண்ட் வருவது சரிதான். எர்க்-1 சுமார் 44 கிலோடால்டன், எர்க்-2 சுமார் 42. ஒரே ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இ.ஜி.எஃப். கொடுக்காத செல்லில் ஏன் பேண்ட்? செல்லை எதில் வளர்க்கிறீர்கள்? பத்து சதவீதம் கன்றுச் சீரம் (ரத்தத் தெளிநீர்) கலந்த மீடியம் என்ற வளர்ப்புத் திரவத்தில்தானே! அந்தச் சீரம் முழுக்க வளர்ச்சிக் காரணிகள். உங்கள் செல் ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் மாலையே சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றி ராத்திரி முழுக்கப் பட்டினி போடுங்கள். மறுநாள் தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குறிப்பேடு தேடப் போகாதீர்கள். தட்டை ஆட்டினாலும், மீடியத்தை வேகமாக ஊற்றினாலும் எர்க் விழித்துக்கொள்ளும். ஒன்றுமே கொடுக்காத தட்டுக்கும் வெறும் மீடியத்தை அதே அளவு, அதே வேகத்தில் சேர்க்க வேண்டும். இ.ஜி.எஃப். கொடுத்தபின் ஹீலாவில் ஐந்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் உச்சம் வந்துவிடும், அப்புறம் இறங்கிவிடும். ‘டீ குடித்துவிட்டு வந்து எடுக்கலாம்’ என்ற கதை இங்கே நடக்காது.

அடுத்தது, மாணவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம். செல்லை உடைத்த கணத்தில் பாஸ்பட்டேஸ்கள் எல்லாம் ஒன்றாகக் கலக்கின்றன. அவற்றுக்கு உங்கள் ஆராய்ச்சி பற்றிக் கவலையில்லை, கண்ணில் படும் பாஸ்பேட்டை உரித்துக்கொண்டே இருக்கும். ஐஸில் வைப்பது மட்டும் போதாது. செல்லை உடைக்கும் கரைசலான பஃபரில், அவற்றைத் தடுக்க, சோடியம் ஃபுளோரைடு, பீட்டா-கிளிசரோபாஸ்பேட், சோடியம் ஆர்த்தோவனடேட் மூன்றும் வேண்டும். இந்த வனடேட்டைத் தண்ணீரில் கரைத்து அப்படியே ஊற்றினால் பாதிப் பயன்தான். கரைசலின் பி.ஹெச்.சை 10-க்குக் கொண்டுவாருங்கள். மஞ்சளாகும். வனடேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக இருப்பதால் வரும் நிறம் அது. கொதிக்கவிட்டால் கண்ணெதிரே மஞ்சள் வெளிறி, தண்ணீர் போல ஆகும். ஆறவிட்டு பி.ஹெச்.சைப் பார்த்தால் நகர்ந்திருக்கும். திரும்ப 10-க்குக் கொண்டுவந்தால் லேசாக மஞ்சள் எட்டிப்பார்க்கும், மறுபடி கொதிக்கவிடுங்கள். ஆறியபின்னும் நிறமில்லாமல், பி.ஹெச். 10-இலேயே நின்றால்தான் ஆயிற்று. சிறு குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளலாம். இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காத மாணவர் யாரையும் பாஸ்போ சாம்பிள் எடுக்க நான் விடுவதில்லை.

இதற்கெல்லாம் வசதியில்லையா? மீடியத்தை உறிஞ்சிவிட்டு, கொதிக்கக் கொதிக்க எஸ்.டி.எஸ். சாம்பிள் பஃபரை நேராகத் தட்டிலேயே ஊற்றிவிடுங்கள். எல்லா நொதியும் அந்த இடத்திலேயே செத்துவிடும். டி.என்.ஏ. வெளியே வந்து சாம்பிள் கோழை மாதிரி இழுக்கும். மெல்லிய ஊசியில் ஏழெட்டு முறை இழுத்து விட்டால் சரியாகிவிடும்.

பால்பவுடருக்கு வருகிறேன். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் சுமந்த புரதம். அதனால் ‘பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பாலே ஆகாது’ என்று ஒரு சட்டம் போல் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. பாஸ்பேட் ஏறிய எதையும் பிடிக்கும் பொதுவான ஆன்டிபாடியானால் பாலைத் தொடாதீர்கள். உங்களுடையது எர்க்கின் அந்த ஒரு இடத்தைச் சுற்றியுள்ள வரிசையையும் சேர்த்துப் பார்ப்பது. பாலில் பிளாக் செய்து, ஆன்டிபாடியை மட்டும் ஐந்து சதவீத பி.எஸ்.ஏ.வில் (மாட்டு ரத்தத்துப் புரதம்) கரைப்பது பல ஆய்வகங்களில் நன்றாகவே நடக்கிறது. ஆன்டிபாடியோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதை முதலில் அப்படியே செய்யுங்கள். பின்னணிக் கறுப்புக்கு இரண்டாவது ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்து, கழுவும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒளிப்படமும் குறைந்த நேரத்தில் ஒன்று எடுங்கள். அளவுக்கு மீறி ஒளி விழுந்தால் சின்ன பேண்டும் பெரிய பேண்டும் ஒரே கறுப்பாகிவிடும். உங்கள் இரண்டு சாம்பிளும் ஒன்றுபோல் தெரிவதற்கு இதுவேகூடக் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் ஆன்டிபாடியை நம்பலாமா என்று கேட்டால், அதை ‘இல்லை’ என்று சொல்லவைத்துப் பார்க்கும்வரை நம்பாதீர்கள் என்பேன். பட்டினி செல் ஒரு லேன் (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் பாதை), இ.ஜி.எஃப். கொடுத்தது ஒரு லேன். மூன்றாவதில், யு-0126 என்ற தடுப்பானை அரைமணி நேரம் முன்னாடியே கொடுத்து அப்புறம் இ.ஜி.எஃப். கொடுத்த செல். எர்க்குக்குப் பாஸ்பேட் ஒட்டும் மெக் கைனேஸை அது நிறுத்திவிடும். நான்காவது, இ.ஜி.எஃப். கொடுத்த செல்லை வனடேட் முதலியவை இல்லாத பஃபரில் உடைத்து லாம்டா பாஸ்பட்டேஸோடு 30 டிகிரியில் அரைமணி வைத்தது. பாஸ்போ பேண்ட் இரண்டாவது லேனில் மட்டும் பளிச்சென்று வந்து, மற்ற மூன்றிலும் மங்கியோ மறைந்தோ போக வேண்டும். அதே சாம்பிள்களை இன்னொரு ஜெல்லில் ஓட்டி மொத்த எர்க் பார்த்தால் நான்கிலும் சமமாக இருக்க வேண்டும். அந்தப் படத்தை சீனியரிடம் காட்டுங்கள்.

“இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடப்பது. பாஸ்பேட்டைப் பார்த்து யாருக்காவது வியாதி குணமானதுண்டா?” – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

உண்டு. அதுவும் சென்னை வரை வந்த கதை.

1979-இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் டோனி ஹன்டர், புற்றுநோய் வைரஸ் புரதங்கள் எந்த அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை செரின், திரியோனின் இரண்டும்தான் எல்லாருக்கும் தெரிந்தவை. அவர் பயன்படுத்திய பஃபர் புதிதாகக் கலந்ததல்ல. பழையதாகி அதன் பி.ஹெச். சற்று இறங்கியிருந்தது. அதனால் வழக்கமாகத் திரியோனினோடு சேர்ந்தே ஓடும் ஒரு புள்ளி தனியாகப் பிரிந்து நின்றது. அது டைரோசின் என்ற மூன்றாவது அமினோ அமிலம், பாஸ்பேட் ஏறியது. அந்தப் புள்ளியை அழுக்கென்று தள்ளாமல் துரத்திப் போனாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாஸ்போ-டைரோசினைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் 1981-லிருந்து வர ஆரம்பித்தன. பாஸ்டனில் பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் 4ஜி10 என்ற ஆன்டிபாடியை உருவாக்கினார். இன்றும் பல ஆய்வக ஃப்ரீசர்களில் அது இருக்கிறது. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற கைனேஸ் நிறுத்தமில்லாமல் டைரோசினில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்தும் வேதிப்பொருள் உண்மையிலேயே நிறுத்துகிறதா என்று பார்க்க இந்த மாதிரி ஆன்டிபாடிதான் கண். அப்படித் தேறி வந்த மருந்து இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை முழுக் குணத்துக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் ஒன்றே நம்பிக்கையாக இருந்த நோயாளிகள், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

சென்னைக்கு என்ன தொடர்பு என்றால், அந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு இந்தியக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனி 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். வழக்கு பல படி ஏறி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊரில் அந்த மாத்திரை பல கம்பெனிகளிடமிருந்து குறைந்த விலையில் கிடைப்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

“என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி அறிக்கையில் ‘ஹெர்-2: 2+, ஈக்விவோகல்’ என்று இருக்கிறது. இன்னொரு டெஸ்டுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் டெஸ்ட் தப்பா? இரண்டாவது டெஸ்ட் தேவையா?” – வாசகர், மதுரை

தப்பில்லை, ஐயா. இரண்டாவது டெஸ்ட் கட்டாயம் தேவை, தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

ஹெர்-2 என்பது செல்லின் வெளிச்சவ்வில் நிற்கும் ஒரு வளர்ச்சி ஏற்பி. சிலருடைய கட்டியில் அது அளவுக்கு மீறி இருக்கும், மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் அப்படி. கட்டியிலிருந்து எடுத்த மெல்லிய சீவலில் ஹெர்-2-க்கான ஆன்டிபாடியை ஊற்றி, அது ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி செய்கிறார்கள். பத்து சதவீதத்துக்கும் மேலான புற்றுச் செல்களில் சவ்வு முழுக்கச் சுற்றி ஆழ்ந்த பழுப்பு இருந்தால் 3+, அது உறுதியான பாசிட்டிவ். சவ்வைச் சுற்றிப் பழுப்பு இருக்கிறது, ஆனால் மெலிதாகவோ நடுத்தரமாகவோ இருக்கிறது என்றால் 2+. அதைத்தான் ஈக்விவோகல், அதாவது இப்படியும் அப்படியும் சொல்ல முடியாதது என்கிறார்கள். இந்த இடத்தில் ஆன்டிபாடியை மட்டும் வைத்து முடிவு சொல்வது நியாயமில்லை என்று உங்கள் நோயியல் மருத்துவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். அடுத்த டெஸ்ட் பெரும்பாலும் ஃபிஷ் என்பதாக இருக்கும். அது புரதத்தை விட்டுவிட்டு, 17-ஆம் குரோமோசோமில் ஹெர்-2 மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணும். திசுவைப் பதித்துவைத்த அதே மெழுகுக் கட்டியில் (பாரஃபின் பிளாக்) திசு மீதி இருந்தால் அதிலேயே செய்துவிடலாம். பொதுவாக மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

முடிவு பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துக்கு வழி திறக்கும். அந்த மருந்தே ஒரு ஆன்டிபாடிதான், 1998-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நெகட்டிவ் என்றால் தேவையில்லாத செலவையும், அந்த மருந்தால் இதயத்துக்கு வரக்கூடிய அபாயத்தையும் தவிர்க்கலாம். மருத்துவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: திசுவை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டார்களா, 6-லிருந்து 72 மணி நேரத்துக்குள் ஊறியதா? இந்தக் கணக்கு தவறினால் எந்த நல்ல ஆன்டிபாடியும் சரியாகச் சொல்லாது. கேட்பதில் தயக்கமே வேண்டாம். அம்மா நல்லபடியாகச் சிகிச்சை முடித்து வரட்டும். முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

“ஒரே புரதத்துக்கு நாற்பது கம்பெனி ஆன்டிபாடி விற்கிறது. என் ஃபெல்லோஷிப் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். எதை நம்பி வாங்குவது?” – ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

‘இத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் பயன்பட்டது’ என்ற எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள் தம்பி. மான்ட்ரியலை மையமாகக் கொண்ட ஒய்கேரோஸ் குழு 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளை எடுத்து, அந்தப் புரதம் உள்ள செல், மரபணுவையே நீக்கிய செல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து 2023-இல் வெளியிட்டது. தன் புரதத்தையே அடையாளம் காணத் தவறிய ஆன்டிபாடியை வைத்து எழுதிய கட்டுரைகள் ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 இருந்தன. எத்தனை மாணவர்களின் வருஷங்கள் அதில் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நல்ல செய்தியும் அதிலேயே உண்டு. சோதித்த புரதங்களில் பாதிக்கு மேல் குறைந்தது ஒரு நல்ல ஆன்டிபாடியாவது சந்தையில் இருந்தது. விற்பனையாளர்களும் தேறாதவற்றில் ஏறத்தாழ 20 சதவீதத்தை விலக்கிக்கொண்டார்கள், 40 சதவீதம் போலப் பரிந்துரையை மாற்றினார்கள்.

அந்தக் குழுவின் அறிக்கைகள் இலவசம். உங்கள் புரதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், மரபணு நீக்கிய செல்லில் பேண்ட் மறைவதைக் கம்பெனி தன் தாளிலேயே காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மெம்பிரேனை முழு நீளத்துக்கும் காட்டாமல் ஒரு பேண்டை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முயலின் சீரத்திலிருந்து எடுத்த பாலிகுளோனலா (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை), ஆன்டிபாடியின் மரபணுவை வைத்து ஆய்வகத்தில் தயாரித்த ரீகாம்பினன்டா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் ரீகாம்பினன்டை எடுங்கள். அதன் மரபணு வரிசை கையில் இருப்பதால் அடுத்த வருஷம் வாங்கும் குழாயிலும் அதே மூலக்கூறு இருக்கும். பாலிகுளோனலில் முயல் மாறினால் கதை மாறும். வெஸ்டர்னில் நன்றாக இருப்பது நுண்ணோக்கிச் சாயத்திலும் நன்றாக இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றில் புரதம் பிரிந்து விரிந்து கிடக்கிறது, மற்றதில் மடிந்த உருவத்தில் ஃபார்மலினில் இறுகிக் கிடக்கிறது.

அப்புறம், பக்கத்து ஆய்வகங்களில் கேளுங்கள். பத்து மைக்ரோலிட்டர் கொடுத்து உதவாத ஆராய்ச்சியாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதில் சோதித்துவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.

“ஆன்டிபாடிக்காக முயலைக் கொன்றுவிடுவார்களா?” – ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பாலிகுளோனல் ஆன்டிபாடிக்கு முயலின் காது ரத்தக்குழாயிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். வேலை முடியும் கட்டத்தில் பெரும்பாலும் கொன்றுவிடுவது உண்மைதான், உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்த, ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் தரும் மானோகுளோனல் முறையில் எலியின் மண்ணீரலை எடுக்க வேண்டும், அங்கேயும் எலி சாகும். ஆனால் கிடைத்த செல் வளர்ப்புத் தட்டில் தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் புது எலி வேண்டாம். ரீகாம்பினன்ட் முறையில் மரபணு வரிசை ஒருமுறை கிடைத்துவிட்டால் அப்புறம் விலங்கே தேவையில்லை. ஆய்வகங்கள் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன்.

“கரண்ட் போய் ராத்திரி முழுக்க ஃப்ரீசர் நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஆன்டிபாடிகளை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதானா?” – கல்லூரி ஆய்வக உதவியாளர், ஈரோடு

தூக்கிப் போடாதீர்கள். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வந்தவை மைனஸ் 20-இல்கூட உறைவதில்லை, திரவமாகவே இருக்கும். ஒரு ராத்திரிச் சூடு அவற்றைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கிளிசரால் இல்லாமல் உறையவைத்தவை உருகியிருந்தால் திரும்ப உறையவைக்காமல், தாளில் அனுமதி இருந்தால் 4 டிகிரியில் வைத்துப் பயன்படுத்துங்கள். உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடப்பதுதான் ஆன்டிபாடியைக் கெடுக்கும். பனிக்கட்டியைத் தானே உருக்கிக்கொள்ளும் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஆன்டிபாடி வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

4 டிகிரியில் பூஞ்சை வராமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். முதல் ஆன்டிபாடியில் சேர்த்தால் பரவாயில்லை, அதைக் கழுவிவிடுகிறோம். ஹெச்.ஆர்.பி. நொதி கட்டிய இரண்டாவது ஆன்டிபாடியில் சேர்த்துவிடாதீர்கள், அசைடு அந்த நொதியைக் கொன்றுவிடும். மின்வெட்டுக்கு முன் நன்றாக வேலை செய்த பழைய சாம்பிள் ஏதாவது மிச்சம் இருந்தால், அதே சாம்பிளில் ஒவ்வொரு ஆன்டிபாடியையும் ஒருமுறை ஓட்டி, பழைய படத்தோடு ஒப்பிட்டு, தேறியவற்றின் மூடியில் தேதி எழுதிவையுங்கள்.